என். இராசதுரை எழுதியது

"அன்ரி, எத்தனை வீதம் வரைக்கும் விடுவினம்?"

ஹனோவரில் எந்தத் தமிழ் விழாவுக்குப் போனாலும் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். பிறந்தநாள் மண்டபத்தில் வடையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வரும். கல்யாண வீட்டில் மணமக்களோடு படம் எடுக்க வரிசையில் நிற்கும்போது வரும். ஆய்விதழ்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தில், பிறர் எழுத்தைத் தன் எழுத்தென்று அனுப்புகிறவர்களின் விவகாரத்தைப் பார்க்கும் பிரிவில் நான் வேலை செய்தவள் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மேற்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் உடனே சூழ்ந்துகொள்வார்கள். அண்மையில், தெற்கே கார்ஹிங் என்ற ஊரில் படிக்கும் சென்னைப் பிள்ளை ஒருவர், "ஆன்ட்டி, சிமிலாரிட்டி ட்வென்ட்டி பர்சென்ட்டுக்குக் கீழ இருந்தா சேஃப் தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, உங்கட வீட்டுச் சாமானில அஞ்சில ஒண்டை ஆரும் தூக்கிக்கொண்டு போனா, வீதம் குறைவுதானே எண்டு விட்டிடுவீங்களோ?" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஏனென்றால் அது அந்தப் பிள்ளையின் மேல் வந்த கோபம் அல்ல.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன். வேலையிடத்திலிருந்து டொர்ஸ்டன் எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவார். ஒரு காலத்தில் என் பக்கத்து மேசை. இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவர். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது பழைய விவகாரம் ஒன்றைத் திரையில் போட்டுக் காட்டுகிறாராம். அதைப் பற்றி நான் வந்து கொஞ்சம் பேச வேண்டும் என்று கேட்டு, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பியும் வைத்தார். அதன் தலைப்பு: "பெயர்க் குழப்பம், தீர்க்கப்பட்டது." கீழே நாலு வரி.

தீர்க்கப்பட்டதாம். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் பெயர்கள் செய்த வேலையை மாற்றவில்லை, ஏனென்றால் விஷயமே அதுதான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரையும் போல யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தேன். முகாம், மொழி வகுப்பு, பிறகு ஓர் அச்சகத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி. ஜெர்மன் மொழியை நான் பேசிப் பழகியதைவிடப் பிழை திருத்திப் பழகியதுதான் கூட. அச்சகத்தை இழுத்து மூடியபோது, அங்கே அச்சடித்து வந்த பதிப்பகமே என்னை எடுத்துக்கொண்டது. மெய்ப்புப் பார்த்தேன். பிறகு ஆங்கிலக் கட்டுரைகளையும் தந்தார்கள். இரண்டு கட்டுரைகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் வருவதை நான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்ததால், இந்தப் பிரிவைத் தொடங்கியபோது என்னை அங்கே அனுப்பினார்கள்.

அங்கே நான் பிரௌ கந்தையா. திருமதி கந்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள். கந்தையா என் அப்பா. சாவகச்சேரித் தபாற்கந்தோரில் முத்திரை குத்தியவர், பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஜெர்மன் படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்களிடம் குடும்பப் பெயர் இல்லை. கட்டம் சும்மா கிடக்கக் கூடாது என்பதால் அப்பாவைக் கொண்டுபோய் அதற்குள் உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு ஹனோவரில் எல்லாக் கூட்டங்களுக்கும் அப்பாதான் போனார். பல் வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்துத் தெர்மீன் எடுத்ததும் அவர்தான். ஆஸ்பத்திரியில் என் மூத்தவளைப் பெற்றதும் கந்தையாதான். ஜெயராணி என்ற என் பெயர் வீட்டுக்குள் மட்டும் புழங்கியது. இதை நாங்கள் எல்லோரும் சொல்லிச் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பிரிவின் தலைவி பிரௌ டொக்டர் லோமான். உயரமான மனுஷி, தாழ்ந்த குரல். ஒரு விவகாரத்தைத் திறப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். அவசரப்பட மாட்டேன் என்பதற்கு அது அடையாளம். அவர் முன்னால் யாரும் "திருட்டு" என்ற சொல்லைப் பாவிக்கக் கூடாது. "உபர்ஷ்னைடுங்" என்றுதான் சொல்வார். ஒன்றின் மேல் ஒன்று கிடப்பது என்று அதற்குப் பொருள். புதிதில் நான் ஒருமுறை வாய் தவறித் திருட்டு என்றபோது, "அது ஆளைப் பற்றிய சொல், பிரௌ கந்தையா. நாம் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

இயந்திரம் ஒவ்வொரு கட்டுரையையும் உலகத்தில் உள்ள மற்றக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடங்களுக்கு நிறம் பூசி, முதல் பக்கத்தில் ஒரு வீதத்தைப் போட்டுத் தரும். லோமான் செய்யும் முதல் வேலை அந்த முதல் பக்கத்தைப் பின்னால் மடித்துவிடுவதுதான். வீதம் ஒன்றும் சொல்லாது என்பார். மண்ணை எப்படிக் காய வைத்தார்கள், தண்ணீரை எப்படி வடிகட்டினார்கள் என்பதை எல்லோரும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள். அதில் வீதம் எகிறும், குற்றம் இருக்காது. இன்னொருவர் ஒரே ஒரு பத்தியை எடுத்திருப்பார். வீதம் ஒன்றுமே இல்லை, ஆனால் கட்டுரையின் உயிர் அந்தப் பத்தியில் இருக்கும்.

பிறகு வாசிப்பு. இரண்டு கட்டுரைகளையும் தாளில் எடுத்துக்கொண்டு இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் ஒன்றைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் மற்றதில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவார். சொல் ஒத்துப்போனால் நீலம். சொல்லை மாற்றி, யோசனையின் ஒழுங்கை மட்டும் அப்படியே எடுத்திருந்தால் பச்சை. நீலம் சோம்பேறிகளைக் காட்டும், பச்சைதான் கெட்டிக்காரர்களைக் காட்டும். ஒரு பேராசிரியரின் கட்டுரையில் "முன்பக்கத்து வரைபடத்தில் கண்டபடி" என்று இருந்தது. முன்பக்கத்தில் வரைபடமே இல்லை. அது அவர் எடுத்த இடத்தில்தான் இருந்தது. லோமான் அன்று மட்டும் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு சிரித்ததற்காக வருத்தம் தெரிவித்தார்.

அடுத்தது ஆசிரியருக்கு எழுதுவது. இதில்தான் அவர் மகா கண்டிப்பு. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியை எழுதவே கூடாது. "பயந்த மனிதர் எது வசதியோ அதைச் சொல்வார். வாசலைத் திறந்து வைத்துவிட்டு, ஏன் அதால் ஓடினாய் என்று பிறகு கேட்க முடியாது." ஆகவே, இந்தப் பகுதி எப்படி உருவானது என்று எங்களுக்கு விளக்குங்கள், அவ்வளவுதான். அதன் பிறகு அவர் வேலை செய்யும் நிறுவனத்தைக் கேட்போம். சின்னத் தவறென்றால் திருத்தக் குறிப்பு. பெரிதென்றால் கட்டுரையை மீளப்பெறுவோம். மீளப்பெறுதல் என்றால் அழிப்பது அல்ல. கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே "மீளப்பெறப்பட்டது" என்று விழுந்திருக்கும், கூடவே காரணம் சொல்லும் அறிவித்தல் ஒன்றும். நாங்கள் எதையும் அழிப்பதில்லை. இந்த விதியை நான் எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த விவகாரம்.

நான் விடுமுறையில் போயிருந்த நேரத்தில் அது வந்திருந்தது. பான் நகரத்து நிலத்தடி நீர் ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்து, எங்கள் இதழில் வெளியான கட்டுரை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது என்பது பொருள். எழுதியவர் "என். இராசதுரை" என்று அச்சாகியிருந்தது, ஏனென்றால் அந்த இதழின் வழக்கம் முதற்பெயரில் முதல் எழுத்தை மட்டும் போடுவது. வாசகர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வெகு காலத்துக்கு முன் வெளிவந்த தொகுப்பு ஒன்றை எங்கேயோ கண்டெடுத்து, அதிலுள்ள கட்டுரை ஒன்றின் பல பக்கங்கள் இதில் அப்படியே இருக்கின்றன, ஆனால் மேற்கோள் இல்லை என்று முறைப்பாடு செய்திருந்தார். டொர்ஸ்டன் அப்போது வேலைக்குப் புதிது. பழைய தொகுப்பை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அதிலும் "என். இராசதுரை" என்றே இருந்தது. ஆள் ஒன்றுதான், தன் பழைய எழுத்தைத் தானே திரும்பப் பாவித்திருக்கிறார், சின்ன விஷயம் என்று நல்ல மனதோடு ஆசிரியருக்கு எழுதிவிட்டார்: "இது உங்களுடைய முந்தைய கட்டுரைதானே?"

வந்த பதில் ஒரே வரி. "ஆம், என் முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டாததற்கு வருந்துகிறேன்."

நான் திரும்பி வந்தபோது திருத்தக் குறிப்பு ஒன்று போட்டு முடிக்கும் நிலையில் இருந்தது. என் வேலை அதன் எழுத்துப்பிழையைப் பார்ப்பது மட்டுமே. கட்டுரை எங்களுக்கு வந்து சேர்ந்த பக்கத்தைத் திறந்தேன். அங்கே பெயர் முழுதாக இருந்தது: நித்தியா இராசதுரை.

ஜெர்மனியில் நித்தியா இராசதுரை என்றால் இராசதுரையின் மகள் நித்தியா. ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத் தொகுப்பில் தகப்பனின் எழுத்துத்தான் முன்னால் வரும். நித்தியா அன்று அங்கே எழுதியிருந்தால் "ஆர். நித்தியா" என்று வந்திருக்கும். பழைய தொகுப்பின் "என். இராசதுரை" இராசதுரையேதான்; "என்" என்பது அவருடைய தகப்பன். இங்கே எழுதியது மகள். அங்கே எழுதியது அப்பா.

யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டால் அந்தப் பிள்ளை தப்பிவிடும். நாளைக்கு ஏதாவது மண்டபத்தில், இவதான் எங்கட பிள்ளையைக் காட்டிக் குடுத்தவ என்று யாரும் முதுகுக்குப் பின்னால் குசுகுசுக்க மாட்டார்கள். தேநீர் எடுக்கப் போனேன், எடுக்காமல் திரும்பி வந்தேன். யன்னலைத் திறந்தேன், மூடினேன். "ஏதும் சுகமில்லையா?" என்று டொர்ஸ்டன் கேட்டார். கடைசியில் லோமானின் அறைக்குப் போய் ஒரு தாளில் இரண்டு பெயர்களையும் எழுதி விளக்கினேன்.

அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். "அப்படியானால் கந்தையா என்பது உங்கள் குடும்பம் இல்லை, ஓர் ஆள்" என்றார்.

"என் அப்பா."

"ம்." கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். "இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே தமிழர்கள் அப்படித்தான்."

"அப்படியானால் முடிவு என்னுடையது, வாசிப்பு உங்களுடையது. முதலில் அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். நாம் கேட்ட கேள்வி பிழை. பொய்யை நாம்தான் தட்டில் வைத்து நீட்டினோம்."

புதிய கேள்வி போனது. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தோம். அப்பாவின் ஆங்கிலத்தை நான் சத்தமாக வாசித்தேன். நல்ல காரமான எழுத்து. கிணற்றை ஆழமாக்கினால் தண்ணீர் கூடாது, உப்புத்தான் கூடும், இதை இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரைக்குள்ளேயே அதட்டியிருந்தார். மகளின் கட்டுரையிலும் அது சொல் மாறாமல் வந்தது. லோமான் நீலப் பென்சிலை நிறுத்தி, "இந்த வசனத்தின் ஆள் வேறு. மற்றப் பக்கங்களில் இவர் இவ்வளவு கோபப்படவில்லை" என்றார். அந்த மற்றப் பக்கங்களைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அதே கிணறுகளுக்குப் போய் அந்தப் பிள்ளை தானே புதிதாக அளந்திருந்தாள். அருமையான வேலை. அப்பா பெயரை ஒரு வரியில் சொல்லியிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. ஆனால் பழைய அளவுகள், விளக்கம், முடிவு எல்லாவற்றையும் எடுத்து, எங்கிருந்து என்று சொல்லாமல் விட்டிருந்தாள். திருத்தக் குறிப்பில் அடங்காது. மீளப்பெற வேண்டும் என்று லோமான் சொன்னார். நித்தியாவின் பதிலும் வந்தது: "அது என் தந்தையின் கட்டுரை." நிறுவனமும் எழுதியது. அவளுடைய வேலையை நீடிப்பது பற்றிய முடிவு எங்கள் அறிவித்தல் வரும்வரை நிற்குமாம்.

அந்த நேரத்தில் ஒருநாள் வரவேற்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தெர்மீன் இல்லாமல் ஒருவர் வந்து நிற்கிறார், உங்கள் ஊர்க்காரர் போல இருக்கிறது என்றார்கள்.

நரைத்த மீசை, நன்றாகத் தேய்த்த கோட். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "தமிழோ? நல்லதாப் போச்சு தங்கச்சி. நான் இராசதுரை. நாகலிங்கம் இராசதுரை. ரெயினில வாறன்."

மகளுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த எங்கள் கட்டுரையை எடுத்து, பெயரில் விரலை வைத்தார்.

"இது நான்."

காது பிழையாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தேன். "ஆர் அண்ணை?"

"நான்தான். வடிவாப் பாருங்கோ. என். இராசதுரை. நான் ஊரில விரிவுரையாளரா இருக்கேக்கை எழுதினது. இஞ்ச வந்து ரொட்டி போடுற ஃபப்றிக்கில தொழிலாளியா நிண்டதோட எல்லாம் போச்சு எண்டு இருந்தன். மகள் புதுசா அளந்து சேத்து, என்ர பேரிலயே போட்டிருக்கிறாள். தன்ர பேரைக்கூடப் போடேல்லை. இப்பிடிப் பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்?"

பெயருக்குக் கீழே பான் நிறுவனத்தின் விலாசம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார். "அது அவள் வேலை செய்யிற இடம். எனக்கு விலாசம் ஏது? ரொட்டி ஃபப்றிக்கின்ர விலாசத்தையே போடுறது?" என்று தானே சிரித்தார்.

என் வாழ்க்கை முழுக்கப் பிழை தேடிய எனக்கு இப்படி ஒரு பிழை வரும் என்று கனவிலும் தோன்றியதில்லை. தமிழில் எழுதும்போது அந்த ஆங்கில எழுத்து "என்" ஆகிவிடுகிறது. மகள் அதைத் தன்னுடைய என் என்று அனுப்பினாள். அப்பா தன்னுடைய என் என்று வாசித்துவிட்டார்.

அவருடைய முகம் இறுகியது. "இப்ப அதைத் திருப்பி எடுக்கப் போறியளாம். மகள் ஒழுங்கா ஒண்டும் சொல்லுறாள் இல்லை, அழுகிறாள். ஆற்றையோ கட்டுரையைப் பாத்து எழுதினதாம். நான் ஆற்றையைப் பாத்து எழுதினனான், தங்கச்சி? ஒவ்வொரு கிணறாச் சைக்கிள்ள போய் அளந்தனான். ஆர் என்னில முறைப்பாடு செய்தது?"

அந்தக் காரமான வசனத்தின் சொந்தக்காரர் என் முன்னால் நின்றார். அவருடைய எழுத்தைத்தான் நாங்கள் காக்கிறோம். அவரோ தன்னைத் திருடன் என்கிறோம் என்று துடிக்கிறார். ஒரு வரி சொன்னால் போதும், அந்தப் பழி அவரிடமிருந்து விலகிவிடும். அதே வரி அவருடைய மகளையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடும்.

"அண்ணை, விசாரணையில இருக்கிறதை நான் வெளியாக்களோட கதைக்க ஏலாது" என்றேன்.

"நான் வெளியாளோ?" என்று கேட்டார்.

விதியின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு அன்றுபோல் வெட்கமாக இருந்ததில்லை. உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் போனார். கதவுக்குப் பக்கத்தில் நின்று திரும்பி, "நீங்கள் ஆற்றை பிள்ளை?" என்றார். சாவகச்சேரிக் கந்தையாவின் மகள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நித்தியா தொலைபேசியில் வந்தாள். ஜெர்மனில் தொடங்கி, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆனால் அப்பாவின் பேச்சு அப்படியே வந்தது.

"அன்ரி, அப்பா வந்தவரோ?"

"ஓம்."

"சொல்லிப்போட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

மூச்சு விடுவது கேட்டது. "அப்பாவின்ர பேரைப் போட்டா, தகப்பன்ர வேலையில தொங்குறாள் எண்டு இஞ்ச சொல்லுவினம் எண்டு பயந்தன். அதுதான் போடேல்லை. அது என்ர பிழை. பிறகு அச்சில வந்ததைப் பாத்திட்டு அப்பா தன்ர பேர் எண்டு நினைச்சிட்டார். அண்டைக்கு முழுக்க எல்லாருக்கும் ஃபோன் எடுத்தவர். அவர் அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதே இல்லை. எப்பிடிச் சொல்லுறது, சொல்லுங்கோ பாப்பம்?"

"விளங்குது."

"கட்டுரையை எடுக்கிறதெண்டா எடுங்கோ. வேலை போனாலும் போகட்டும். அறிவித்தலில பேரை மட்டும் முழுசாப் போடாதேங்கோ. முதலெழுத்தோட விடுங்கோ அன்ரி. ஏதோ ஒரு கோளாறிலை எடுத்திட்டினம் எண்டு அப்பாக்குச் சொல்லிச் சமாளிச்சிடுவன்."

எதையும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான். அதைக்கூடச் சொல்லாமல் தொலைபேசியை வைத்தேன்.

லோமானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா வந்ததையும் சேர்த்து. அவர் கவிழ்ந்து கிடந்த கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார். "இரண்டும் விதிக்குள்தான் இருக்கின்றன. இந்த இதழின் வழக்கம் முதலெழுத்து. முழுப் பெயர் போட எனக்கு அதிகாரமும் உண்டு. மீளப்பெறுவது என் முடிவு, அது முடிந்துவிட்டது. ஆனால் இந்தப் பெயரை வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள். நீங்கள் எழுதித் தருவதில் கையெழுத்திடுவேன்" என்றார். அவர் மேல் எனக்கு வந்த ஒரே கோபம் அன்று வந்ததுதான்.

வேலை முடிந்து மாஷ் ஏரியைச் சுற்றி நடந்தேன். முதலெழுத்தோடு எழுதினால் அறிவித்தல் இப்படி வரும்: என். இராசதுரையின் கட்டுரையில் என். இராசதுரையின் முந்தைய கட்டுரை சொல்லாமல் பாவிக்கப்பட்டுள்ளது. வாசிக்கிறவர்கள், தன்னையே திரும்ப எழுதிய ஏதோ ஒரு மறதிக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளையின் மானம் பாதியாவது தப்பும். அப்பாவும் சந்தோஷமாக இருப்பார். ஆனால் அவர் அளந்த கிணறுகள் என்றைக்கும் அவருக்கு இல்லை. இருவரும் ஒரே ஆளாகி, அந்த ஆள் பானில் வேலை செய்யும் நித்தியா என்று ஆகிவிடும். முழுப் பெயரோடு எழுதினால் கிணறுகள் அவருக்குக் கிடைக்கும், மகள் போய்விடுவாள். வீட்டுக்கு வந்தும் நடந்தேன், குசினிக்கும் யன்னலுக்குமாக. "கால் வலிக்கேல்லையோ உமக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

முழுப் பெயரோடுதான் எழுதினேன். நித்தியா இராசதுரையின் இந்தக் கட்டுரையில், நாகலிங்கம் இராசதுரை எழுதிய கட்டுரையின் பகுதிகளும் அளவீடுகளும் அவர் பெயர் சொல்லப்படாமல் இடம்பெற்றுள்ளன. எழுதிய மனுஷனின் பெயர் எழுதியதன் மேல் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அத்தனை வருடமும் சம்பளம் வாங்கினேன். என் அப்பாவை ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட்டு, அவர் பெயரில் நான் வாழ்ந்துவிட்டேன். இன்னொருவரின் அப்பாவையும் மகளின் கட்டத்துக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் எழுதுவேன். அதனால் மனம் ஆறிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அறிவித்தல் வெளியானது. நித்தியாவின் வேலையை நிறுவனம் நீடிக்கவில்லை. டொர்ஸ்டனின் பக்கம் இந்த இடத்தோடு முடிகிறது.

சில நாட்கள் கழித்து என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நான் இராசதுரை."

"சொல்லுங்கோ அண்ணை."

"உங்கட அறிவித்தலை எடுத்து வாசிச்சனான். என்ர பேர் முழுசாக் கிடக்கு. அப்பாவின்ர பேரோட." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "முதல் அச்சில வந்த பேர் என்ர இல்லை, என்ன?"

"இல்லை அண்ணை."

"அண்டைக்கு எல்லாருக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னனான்" என்றார். பிறகு, "அவள் என்னட்டைக் கேட்டிருந்தா நானே எடு எண்டு குடுத்திருப்பன். பேரே வேண்டாம் எண்டிருப்பன்" என்றார். அவர் குரலில் அந்த வசனத்துக் காரம் துளியும் இல்லை.

"இதை இனி அழிக்க ஏலாதோ?"

"ஏலாது அண்ணை. நாங்கள் ஒண்டையும் அழிக்கிறேல்லை."

"அப்ப என்ர பேர் எப்பவும் இருக்கும்."

"ஓம்."

"அவளின்ர பேரும் அப்பிடியே பக்கத்தில கிடக்கும், என்ன?"

அதற்கும் பதில் ஓம்தான். நான் சொல்லட்டும் என்று அவர் தொலைபேசியை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.